ரெண்டரையும் பத்தும்

எடை குறைந்தால்தான் முட்டி ஆபரேஷன் என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது லூசியா மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திண்டிவனத்து டாக்டரம்மா, வாரத்துக்கு ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் பேனா ஊசி எழுதிக் கொடுத்தாள். ரெண்டரை மில்லிகிராமில் ஆரம்பம். முதல் மாதம் எடை குறையாவிட்டாலும் கவலைப்படாதீங்க, இது வயிறு பழகத்தான், அப்புறம் படிப்படியாக ஏற்றலாம் என்றாள்.

லூசியாவுக்கு அங்கேயே உறுத்தியது. குறையாது என்று தெரிந்தே யாராவது மருந்து கொடுப்பார்களா?

"அம்பத்தாறு வருசமா சோறு துன்ற வயிறு. இதுக்கு மேல இன்னா பழகணுமாம்?" என்று புருஷன் அந்தோணிசாமியிடம் கேட்டாள்.

"மாசாமாசம் காசு கறக்க உன்னை இழுத்தடிக்கத்தான்னு சொல்லேன்."

"அதைத்தான் நானும் நெனச்சேன்."

அவன் கிண்டலுக்குச் சொன்னதை அவள் நிஜமாகவே எடுத்துக்கொண்டாள்.

விழுப்புரத்தில் இருக்கிற கொழுந்தன் பெண்டாட்டி சகாய பிரியாவும் இதே ஊசிதான். பத்து வரைக்கும் ஏறி, ஆளே பாதியாகிவிட்டாள். லூசியா பஸ் ஏறிப் போய், உன் பேனாவில் ஒரே ஒரு வாட்டி போட்டுக்கிறேன் என்று கேட்டாள். பிரியா முடியாது என்றாள்.

அண்ணன் தம்பி ரெண்டு வீட்டிலும் மாத்திரை பொது. திண்டிவனத்தில் பிரஷர் மாத்திரை வாங்கினால் அரை அட்டை விழுப்புரம் போகும். அங்கே வாங்கிய தைலம் பாதியில் இங்கே வரும். இல்லை என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இதற்கு மட்டும் ஏன்? தான் ஒருத்தி மட்டும் ஒல்லியாகத் திரியணும் என்கிற எண்ணம், வேறென்ன. மீன் குழம்பை அவள் ரெண்டு கரண்டி கூடுதலாக ஊற்றியதுகூட லூசியாவுக்கு அப்படித்தான் பட்டது.

பிரியா மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். லூசியா பிரிட்ஜைத் திறந்தாள். பேனாவில் மாட்டுகிற ஊசிமுனையை மட்டும் கைப்பையில் கொண்டு வந்திருந்தாள்.

மறுநாள் தொடங்கிய வாந்தி நிற்கவில்லை. தண்ணீர்கூடத் தங்காமல் ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஊசி எவ்வளவு போட்டீங்க என்று டாக்டரம்மா கேட்டாள். ரெண்டரைதான், விழுப்புரத்தில் தின்ன மீன்தான் ஒத்துக்கல என்றாள் லூசியா. அந்தோணிசாமி வெளியே போய்த் தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினான். படுத்திருந்தவளுக்கும் சந்தேகம் விடவில்லை. பிரியா அந்தப் பேனாவில் ஏதாவது கலந்து வைத்திருந்தால்?

சாயங்காலம் பிரியா வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். அந்தோணிசாமி முகம் கொடுக்காமல் வராந்தாவுக்குப் போனான்.

"பேனாவுல மருந்து குறைஞ்சிருக்குதுக்கா."

லூசியா சுவரைப் பார்த்தாள்.

"ஒவ்வொரு படியா ஏறின எனக்கே பத்து தாங்கல. போட்ட வாரம் பூரா படுத்தே கெடந்தேன். அதோட நிறுத்திட்டேன். டாக்டரு கீழ இறக்கித்தான் போடச் சொல்லியிருக்காரு. பத்து சும்மாத்தான் பிரிட்ஜுல கெடந்தது."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

லூசியா யோசித்தாள். நம்பியிருக்க மாட்டாள். இப்போதுகூட முழுசாக நம்பவில்லை. ஆனால் குடலைப் பிடுங்குகிற இந்த வாந்தி பொய் சொல்லாது.

"நீங்க இன்னா வேணா சொல்லிக்கோங்க," என்றாள் பிரியா. "ஆனா நீங்க பத்து போட்டது தெரியாம மீனுக்கு வைத்தியம் பார்த்துக்கினு இருக்காங்க. நான் போய்ச் சொல்லவா?"

"நில்லுடி."

லூசியா டிரிப்ஸ் ஏறும் கையை அசைக்காமல் வராந்தாப் பக்கம் குரல் கொடுத்தாள். அந்தோணிசாமி எட்டிப் பார்த்தான்.

"உங்க தம்பிக்குப் போன் போடுங்க. மீன் நல்ல மீனுதான்."

"அப்புறம் இந்த வாந்தி எதுக்கு?"

"டாக்டரம்மாவையும் கூப்பிடுங்க. ஒரு வாட்டிதான் சொல்லுவேன்."