ருஷ்தி இல்லாத இடம்

1

இந்தக் கதை ஒரு கரும்பலகையில் பிறந்தது. ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவின் படகுத்துறையில் நிற்கிற பலகை அது. ஆனைத்திருக்கை மீன் எந்த நாளில், எத்தனை மணிக் கடலேற்றத்தில், குடாவின் எந்த மூலைக்கு மேய வரும் என்று தீவு மன்றத்து எழுத்தர் ருஷ்தி அதில் சாக்பீஸால் எழுதுவார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் பிசகியதில்லை. அடியில் தோணிக்காரர் வஜீஹ் எழுதிய ஒரு வரியும் உண்டு: "சிறந்த இடம்: ருஷ்தி இல்லாத இடம்."

ஒன்பது தடவை கடலுக்குப் போயும் ருஷ்தி ஒரு திருக்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் ஏறினால் அது வராது.

2

முதல் தொடக்கம்: "கடல் நீலமாக" (அடித்துவிட்டேன். வேறெப்படி இருக்கும்?)

இரண்டாவது: "ஆனைத்திருக்கையின் சிறகு பன்னிரண்டு அடி" (இது ருஷ்தி சொன்னது. நானும் பார்த்ததில்லை.)

மூன்றாவது: நாளை ருஷ்தி தலைநகர் மாலேயில் மகள் வீட்டு ஏழாவது மாடிக்கு ஒரேயடியாகக் குடிபோகிறார். இன்று ஆகஸ்ட் பௌர்ணமி, தென்மேற்குக் காற்று, பதினொன்றேகாலுக்கு ஏற்றம். பார்த்தால் இன்று, இல்லையென்றால் இல்லவே இல்லை.

இதை வைத்துக்கொள்வோம்.

3

"ஏறாதீங்கண்ணே, கால்ல வேணாலும் விழறேன்," என்றார் வஜீஹ். "நாலு ஜெர்மன்காரங்க வந்திருக்காங்க. வெறுந்தண்ணியவா காட்டுறது?"

"பலகையில எழுதினது யாருடா? நான்!"

"எழுதுறது நீங்க, வர்றது அதுங்க. போன வருஷம் போர்வைக்குள்ள ஒளிஞ்சு வந்தீங்களே, அப்பவும் கண்டுபிடிச்சிருச்சுங்க."

(அடிக்குறிப்பு: போர்வை உண்மை. அதன் மறுமுனைக்குள் குறிப்பேட்டோடு இருந்தவன் நான்.)

ருஷ்தியின் மனைவி ஸஹியா ரொட்டியும் மாசிக்கருவாடு பிசைந்த தேங்காய்ப்பூவும் கட்டிக்கொண்டு வந்தார். "ஏத்திக்கிட்டுப் போ வஜீஹு. இல்லன்னா ஏழாவது மாடியில ஒக்காந்து ஆயுசுக்கும் என் உசுர வாங்குவாரு." ருஷ்தி ஏறினார், பின்னாலேயே குறிப்பேட்டோடு நானும்.

4

குடாவில் தண்ணீர் கஞ்சிபோலக் கலங்கி, திருக்கை மேயும் பொடி இரையாகக் கிடந்தது. மணி பதினொன்றாகியும் தின்ன ஆளில்லை. ஜெர்மன்காரர்கள் கடிகாரம் பார்த்தார்கள். ருஷ்தி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அவ்வளவுதான் போல," என்றார். அறுபது வயது மனுஷன் அழுதுவிடுவார் என்று பயந்தேன்.

[இங்கே ஒரு திருக்கையை வரவழைக்கலாமா? எழுதுகிறவன் நான்தானே. எழுதிப் பார்த்தேன்: "கறுப்பாக ஒரு நிழல்". அது மேகம்.]

வஜீஹ் என்னையே உற்றுப் பார்த்தார். "வாத்தியாரே, அண்ணன் வந்த ஒம்போது தடவையும் நீங்களும் வந்தீங்கல்ல?"

"கதைக்காக..."

"அண்ணன் இல்லாம ஒருதரமாவது வந்திருக்கீங்களா?"

இல்லை. ஐயோ, இல்லவே இல்லை.

"பாவி மனுஷா!" என்றார் ருஷ்தி. இருபத்திரண்டு வருஷத்துச் சிநேகிதம். அடுத்த நிமிஷம் என்னைப் பக்கத்து மணல்திட்டில் இறக்கிவிட்டு, தோணி திரும்பிக் குடாவுக்குள் மறைந்தது.

5

திட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து குடா தெரியாது. மூன்று முடிவுகள் வைத்திருந்தேன். மூன்றிலும் நான் படகில் இருக்கிறேன், அதனால் மூன்றும் செல்லாது.

ஏற்றம் கணுக்காலைத் தொட்டுவிட்டது. மணி பதினொன்றேகால். பலகை இன்றும் பிசகவில்லை.

இறக்கிவிட்டும் அது வராமலிருந்தால், நான் இன்னும் இங்கே உட்கார்ந்து ருஷ்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதுதான் காரணம். நிறுத்துகிறேன். நீங்கள் போய்ப் பாருங்கள். என்னிடம் மட்டும் சொல்லாதீர்கள், எழுதிவிடுவேன்.

குடாப் பக்கம் யாரோ கத்துகிறார்கள். ருஷ்தியின் குரல்தான், அவர்