தானாக எடுக்காத மோடம்

அந்த ஆபீஸில் வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப் பிறந்த தம்பி ஒருத்தன் மட்டும் அப்படிக் கூப்பிட்டு ஐந்து வருஷம் ஆயிற்று.

அவனை வளர்த்தது அவள். அதே கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள். ஒரு வார்த்தை சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவன் வந்து நின்றபோது, "இனிமே என் மூஞ்சில முழிக்காதே" என்று கத்தினாள். அதுவரை அவள் சொன்ன எதையும் கேட்காத பயல், அதை மட்டும் கேட்டுத் தொலைத்தான்! தூரத்துக் குடோனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான். பெண் குழந்தை பிறந்ததாக யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். வீம்பு பிடித்தவள், போய்ப் பார்க்கவில்லை.

தினமும் சாயங்காலம் அந்தக் குடோனிலிருந்து சரக்கு ரிப்போர்ட்டை வாங்குவது அவள் வேலை. யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் மினிகாம் என்ற புரோகிராமைத் திறந்து உத்தரவு கொடுத்தால், கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடம் டயல் செய்யும். அங்கே இருக்கும் மோடம் தானாகவே எடுத்து விசிலடிக்கும். இரண்டும் கீச்சுக்கீச்சென்று பேசி முடித்ததும் அந்தப் பக்கத்து மெஷின் லாகின் கேட்கும். மனுஷ வாய்க்கு வேலையே இல்லை. அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு லாகின் வரவில்லை. திரையில் 'நோ கேரியர்' என்று மட்டும் வந்து நின்றது, அந்தப் பக்கத்து விசில் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எத்தனை தடவை டயல் செய்தாலும் அதே பதில்தான்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, ரிப்போர்ட் வரலையா? குடோனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"போனெல்லாம் எதுக்கு சார்? கோளாறு நம்ம பக்கமாத்தான் இருக்கும். நான் பாக்கறேன்."

கேபிளைப் பிடுங்கிச் சொருகினாள். மோடம் மாட்டியிருந்த போர்ட்டின் வேகத்தைச் சரிபார்த்தாள். பாதியில் செத்துப்போன புரோகிராம் எதுவும் போர்ட்டைப் பூட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறதா என்று தேடினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில், சத்தம் பிடிக்காமல் எப்போதோ அணைத்துவைத்த மோடத்தின் ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு மறுபடி டயல் செய்தாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

"ஹலோ... யாருங்க?"

அவன்தான். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அந்த இழுப்பு மாறவில்லை.

கோளாறு அப்போதே விளங்கிவிட்டது. குடோனில் கரண்ட் போய் வந்திருக்கும். தானாக எடுக்கும் அமைப்பு அழிந்துபோய் அந்த மோடம் சும்மா கிடக்கிறது. மணி அடிக்கிறதே என்று பக்கத்து டெலிபோனை இவன் எடுக்கிறான். ஒரே ஒரு கட்டளையை அவன் அடித்தால் போதும், சரியாகிவிடும். அதை அவனிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டாலோ, நாளையிலிருந்து மோடம்தான் எடுக்கும். இந்தக் குரல் இராது.

அவள் சொல்லவில்லை. மறுபடி டயல் செய்தாள்.

அவன் பேசுவது ஸ்பீக்கரில் இவளுக்குக் கேட்கும். இவள் பேச வேண்டுமென்றால், அதே லைனில் பக்கத்திலேயே இருந்த டெலிபோனைக் கையில் எடுக்க வேண்டும். எடுக்காமலே கேட்கலாம், என்ன ஒரு சௌகரியம்! ஆனால் விசிலுக்காக மோடம் காத்திருக்கும் நேரம் போதவில்லை. இரண்டு ஹலோவுக்குள் துண்டித்துவிடுகிறது. அந்த நேரத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டிவைத்தாள். இப்படிக் கோளாறு பார்க்கச் சொல்லி எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

"ஹலோ... ஹலோ..." இந்த முறை அவன் வைத்துவிடவில்லை. பின்னால் ஒரு குழந்தைக் குரல் கேட்டது.

"யாருப்பா போன்ல?"

"இந்த நேரத்துக்கு வர்றதுன்னா அத்தை ஆபீஸ் மெஷின்தான் கண்ணு."

அத்தையாம்! எட்டிக்கூடப் பார்க்காதவளை அந்த வீட்டில் அத்தை என்றுதான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

"அத்தை பேசுவாங்களா?"

"மெஷின்தான் கூப்பிடுது. அத்தை பேச மாட்டாங்க."

"குடுப்பா, நான் பேசறேன்." ரிசீவர் கைமாறும் சத்தம். ஒரு தும்மல், உடனே இன்னொன்று. "அத்தை... நான் பேசறது கேக்குதா?"

அவள் கை டெலிபோன் மேல் இருந்தது. எடுத்தால் இத்தனை வருஷத்து வீம்பும் போச்சு. எடுக்காவிட்டால் குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடும். மறுபடியும் தும்மல் கேட்டது. எடுத்துவிட்டாள்.

"கேக்குதுடி தங்கம். உங்கப்பாகிட்ட குடு."

அவன் மூச்சுவிடுவது காதில் விழுந்தது.

"ஏன்டா, அறிவிருக்கா உனக்கு? புள்ளையக் கொண்டுபோய் அந்தக் குடோன் தூசியில வச்சிக்கிட்டு..."

"அக்கா..." என்று விசும்பினான்.

விசிலுக்குக் காத்திருந்து அலுத்துப்போன மோடம், திரையில் 'நோ கேரியர்' என்று போட்டுவிட்டு விலகிக்கொண்டது. டெலிபோன் கையில் இருந்ததால் லைன் அறுபடவில்லை.

"அழாதடா" என்றாள், தான் அழுதுகொண்டே.

மேனேஜர் தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார். "என்னக்கா, கோளாறு என்னன்னு தெரிஞ்சுதா?"

அவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் தெரியல சார். நேரமாகும்."