பதினாறாம் மேசைக் கண்ணாடி

பேக்கரிக்காரர் வீட்டில் கைகழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியில், தலையைச் சாய்த்துப் பார்த்தால் ஆள் தலைகீழாகத் தெரிவார். நேராக நின்று பார்க்கிறவரை அது ஒழுங்கான கண்ணாடிதான். காது தோளைத் தேடிப் போகிற அளவுக்குச் சாய்த்ததும் ஆள், தோளில் கிடக்கும் துண்டு, பின்சுவரின் காலண்டர் எல்லாம் சட்டென்று கவிழ்ந்துவிடும். வீட்டில் நான்கு பேர்: பேக்கரிக்காரர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகிற பெரிய பெண், ஒரு கைக்குழந்தை. முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள், மூன்றாம் வாரம் பழகிப்போயிற்று. மோவாய்க்குக் கீழே சவரம் செய்யும்போது அவர் மூன்று முறை வெட்டிக்கொண்டார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே செய்யக் கற்றுக்கொண்டார். அவருடைய அக்கா ஒருத்தி வந்தவள் புதுக் கம்மலைச் சாய்த்து அழகு பார்க்கப் போய், அலறிப் புடைத்துக்கொண்டு டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். அதில் வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்றும் பெரிய வருத்தமில்லை.

பேக்கரிக்காரருக்கு நாற்பத்து மூன்று வயது ஆகாமல் இருந்திருந்தால் விஷயம் அந்த நான்கு சுவருக்குள்ளேயே கிடந்திருக்கும். வயது ஆனது, வெள்ளெழுத்து வந்தது, அடுப்பின் சூட்டு முள் மங்கி இரண்டு தட்டு பன் கரியாயிற்று. மறுநாளே மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். அங்கே பத்தொன்பது வருடமாகக் கண் பார்ப்பவளுக்கு ஊரெல்லாம் கண்ணாடி அக்கா என்றுதான் பேர். அந்த வட்டாரத்தில் அவளுடைய இயந்திரத்தில் மோவாயை வைக்காதவர்கள் குறைவு. வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் கடைக்கு லீவு போட்டுவிட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் கண்காட்சியில் சம்பளமில்லாத வேலை பார்ப்பாள். பதினாறாம் மேசை, ஒளியும் ஆடியும். கழுத்தில் பேட்ஜ், கையில் லென்ஸ், முன்னால் வரிசை. அந்த ஒரு நாளுக்காகத்தான் மீதி நாளெல்லாம் உழைக்கிறாள் என்று லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் கேலி செய்வான். அது கேலி மட்டுமல்ல, உண்மையும் அதுதான்.

பேக்கரிக்காரர் கடைசி வரி எழுத்தைப் படித்து முடித்துவிட்டு, போகிற போக்கில் சொன்னார்.

"இன்னொண்ணு மேடம். தலையச் சாச்சா எங்க வீட்டுக் கண்ணாடில நான் தலைகீழாத் தெரியறேன். அதுக்கும் பவர் ஏதாவது போடணுமா?"

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும்தான். பெரியவ ஆறாவது படிக்கறப்போ கண்காட்சில ஒரு அக்கா சொன்னாங்களாம், கண்ணு ரெண்டும் மேல கீழ இருந்தா கண்ணாடி மேல கீழ மாத்தும்னு. அன்னிக்கி சாயங்காலம் வந்து சாஞ்சு பாத்தா. அதுலேருந்து இப்படித்தான்."

அந்த அக்கா தான்தான் என்று கண்ணாடி அக்காவுக்குப் புரிந்துபோயிற்று. வெள்ளெழுத்துக்கு மட்டும் பவர் எழுதிக் கொடுத்து அவரை அனுப்பினாள். பிறகு கடையிலிருந்த பதினொரு கண்ணாடி முன்னாலும் நின்று தலையைச் சாய்த்தாள். பதினொன்றும் யோக்கியமாகவே நடந்துகொண்டன.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த நாள் அவளுக்கு நிமிஷக் கணக்காக ஞாபகமிருந்தது. எட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை அமைப்பாளர் விசில் ஊதுவார், ஒரு கூட்டம் நகர்ந்து அடுத்த கூட்டம் வரும். நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்க, ஷூ லேஸ் அவிழ்ந்த ஒரு பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: கண்ணாடி இடது வலது மாத்துதே, மேல கீழ ஏன் மாத்தல? அதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி. தெரியாது என்கிற ஒரு சொல் அன்றைக்குப் பார்த்து அவள் நாக்கில் ஏறவில்லை. "நம்ம கண்ணு ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்குல்ல, அதான்" என்று அடித்துவிட்டாள். விசில் ஊதியாயிற்று. அந்தப் பெண் அப்படியொரு வெளிச்சமான முகத்தோடு போனாள். வீடு திரும்பும் பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடியில் அக்கா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். ஒற்றைக் கண்ணுக்கும் இடது வலது மாறித்தான் தெரிந்தது. சொன்னது சுத்தப் பிசகு என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

குழந்தைதானே, மறந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் சரியான பதிலைத் தேடிப் படித்து, ஒரு அட்டையில் எழுதி, பேட்ஜ் உறைக்குள் செருகி அடுத்த வருடம் காத்திருந்தாள். அந்தப் பெண் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. பொய் சொன்னவளின் மேசைக்கு எவள் திரும்பி வருவாள், நம்மால் ஒரு பிள்ளைக்குப் படிப்பே கசந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். அதிலிருந்து பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் ஜன்னல் ஓரம் உட்காருவதில்லை. அட்டையின் ஓரங்கள் நைந்து பஞ்சாகியிருந்தன.

இப்போது வீட்டு அலமாரிக் கண்ணாடி முன் அவள் சாய்ந்து நிற்பதைப் பார்த்த புருஷன், "கழுத்து சுளுக்கிடுச்சா?" என்றான். எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடி கவிழ்வதைப் பற்றி அவன் ஒன்றும் வியக்கவில்லை. மாடியே இல்லாத மாடிக்கு ஏறி நிற்கிற லிஃப்டையெல்லாம் அவன் பழுது பார்த்திருக்கிறான். "போய்ச் சொல்லிட்டு வா. தப்பா மாட்டின போல்ட்ட நாமதான் கழட்டணும், வேற யாரு கழட்டுவா?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பேக்கரிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தது அந்தப் பெண்தான். வளர்ந்திருந்தாள், லேஸுக்குப் பதில் இப்போது செருப்பு வார் அறுந்திருந்தது. அக்கா வாசலில் நின்றபடியே மூச்சு விடாமல் கொட்டினாள்.

"நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன்மா. மூணு வருஷமாச் சொல்லணும்னு இருக்கேன். மன்னிச்சிரு."

"தெரியும்க்கா. ஏழாவது படிக்கறப்பவே ஒரு கண்ண மூடிட்டுப் பாத்துக் கண்டுபிடிச்சிட்டேன். உள்ள வாங்க."

"அப்ப அதுக்கப்புறம் கண்காட்சிக்கு ஏன் வரல?"

"எங்கக்கா வர்றது? நேரமே இல்ல!"

காரணம் மேசைமேல் அடுக்கியிருந்தது. நான்கு நோட்டுப் புத்தகங்கள். தலையில் நூல் கட்டி, நூலில் பொத்தான் தொங்கவிட்டு, பாகைமானி பிடித்து, தினமும் அளந்து எழுதியிருந்தாள். நாற்பத்து நான்கு டிகிரி வரை நேர், நாற்பத்தைந்தில் கவிழ்கிறது. மழைநாளில் நாற்பத்து மூன்றரை. கண்ணாடியைப் பக்கத்து வீட்டில் மாட்டினாலும் அதே கதை, பக்கத்து வீட்டுக் கண்ணாடியை இங்கே மாட்டினால் ஒன்றுமில்லை. கைக்குழந்தையைச் சாய்த்தால் சிரிப்பு, முடிவு தெளிவில்லை. அக்கா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். படிப்பு கசந்த பிள்ளையின் எழுத்தாக அது தெரியவில்லை. நெஞ்சில் மூன்று வருடமாக ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போவதை அவள் உணர்ந்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எனக்குத் தெரிஞ்சிருச்சுக்கா. கண்ணாடிக்குத்தான் யாரும் இன்னும் சொல்லல" என்றாள் பெண்.

சொல்லிப் பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? அக்கா கையோடு கொண்டுவந்திருந்த பேட்ஜ் உறையிலிருந்து அட்டையை எடுத்து, தொட்டிக்கு முன்னால் நின்று, பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில் கண்ணாடிக்கு வாசித்தாள். நீ இடது வலது எதையும் மாற்றுவதில்லை. முன்னுக்குப் பின்னாகத்தான் திருப்பிக் காட்டுகிறாய். கண் எங்கே இருந்தாலும் அதில் மாற்றமில்லை. வாசித்துவிட்டுத் தலையைச் சாய்த்தாள். நாற்பத்தைந்தில் கவிழ்ந்தது. பெண் நோட்டை விரித்து, "திருத்தம் சொல்லப்பட்டது. கண்ணாடி ஏற்கவில்லை" என்று தேதி போட்டு எழுதினாள். அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வீட்டுக்காரம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறவரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

அந்த வருடக் கண்காட்சியில் பதினாறாம் மேசைக்கு இரண்டு தன்னார்வலர்கள். கண்ணாடியைப் போர்வையில் சுற்றிப் பேக்கரி வண்டியில் கொண்டுவந்து இறக்கிய பேக்கரிக்காரர், வீட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். அதில் சவரம் செய்ய அலுப்பாக இருக்கிறது என்று எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டார். பிள்ளைகள் வரிசையாக வந்து தலையைச் சாய்த்துக் கத்தினார்கள். ஏன் இப்படி என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள்.

"தெரியலடா கண்ணு" என்றாள் கண்ணாடி அக்கா, முதல் தடவை கொஞ்சம் திக்கி, பத்தாவது தடவை பேர் சொல்கிற மாதிரி சுலபமாக. "நாப்பத்தஞ்சு டிகிரில திரும்புது, அது தெரியும். ஏன்னு தெரியல. உனக்கு என்ன தோணுது?" பக்கத்தில் நின்ற பெண் அவர்கள் சொன்னதையெல்லாம் ஐந்தாவது நோட்டில் எழுதிக்கொண்டாள். விசில் ஊதியும் யாரும் நகராததால் கேட்க வந்த அமைப்பாளர், தானும் ஒருமுறை சாய்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடம் இதற்குப் பெரிய மேசையாகப் போட வேண்டும் என்று குறித்துக்கொண்டு போனார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தாள். அது சாதாரண ஜன்னல்தான். சாய்த்த தலையை அப்படியே அதில் வைத்துத் தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய இடம் தாண்டி, கடைசி நிறுத்தமும் வந்து, நடத்துநர் தோளைத் தட்டி எழுப்பும்வரை தூங்கினாள்.