கருநாக்கு ஃபிராங்க்ளின் சொல்ல வேண்டிய ஜோக்

1

வில்லியனூர்ப் பக்கம் ஒரு சாவு வீட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கதைக்கு அதுதான் காரணம். சிரிக்க வைத்தவன் ஃபிராங்க்ளின், பிணத்துக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவன். பெட்டியின் ஒயரைச் செருகிக்கொண்டே, "கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபேன்கூட போட மாட்டாரு. இப்பப் பாரு, ஏசி" என்றான். செத்தவரின் மகனே சிரித்துவிட்டான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரணம் என்பது ஒரு மகத்தான...' வேண்டாம். ஃபிராங்க்ளின் படித்தால் என்னையே பெட்டியில் வைத்து மூடிவிடுவான்.

2

வினை டீக்கடையில் தொடங்கியது. இருமிக்கொண்டிருந்த ஆதிமூலத்திடம், "பெரியப்பா, பொட்டி இன்னிக்கி ஃப்ரீதான். நாளைக்கின்னா புக்காயிடும்" என்றான். கிழவரும் சேர்ந்துதான் சிரித்தார். மறுநாள் பெட்டி அவர் வீட்டுக்கே போனது. அப்புறம் பக்கத்துத் தெரு ரோசம்மாளிடம் ஒரு ஜோக் சொன்னான். அவளும் போய்ச் சேர்ந்தாள். (நல்ல ஜோக்தான். எழுதக் கை வரவில்லை.)

ஊர் அவனைக் கருநாக்கு என்றது. அவனைக் கண்டால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவன் சிரித்துச் சமாளித்தான். ஆனாலும் வண்டிக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தான். ஓரத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

[அந்தப் புள்ளியை நான் வைக்கவில்லை. முதல் பிரதியில் அது கிடையாது.]

3

இப்போது அவன் மனைவி ஆனி மேரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். வயிற்றில் கட்டி. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஃபிராங்க்ளின் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான்.

"இன்னாய்யா, ஊமையாட்டம் நிக்கிற? ஒரு ஜோக் சொல்லு."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

"ஊருக்கெல்லாம் சொல்ற. பொழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்ககிட்ட மட்டுந்தான் நீ வாயைத் தொறக்க மாட்ட." அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "டாக்டரு உன்னாண்ட இன்னா சொன்னாரு?"

சொன்னால் அவள் செத்துவிடுவாள் என்று அவனுக்குப் பயம். அவன் சொல்லாததால், தான் சாகப்போகிறோம் என்று அவளுக்குப் பயம். எழுதுகிற எனக்கு இரண்டு பயமும்.

4

முடிவு ஒன்று: சொல்கிறான். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள், திரும்பி... அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி... இதையும்.

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அவள் அவன் சட்டையை விடவில்லை. கர்ச்சீப்பை எடுத்துவிட்டு அவள் காதருகே குனிகிறான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கும் பயத்தில் வரவில்லை. நீங்கள்தான் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைக்க வேண்டும்:

"...................."

சொல்வதற்கு முன்னால் உங்கள் நாக்கைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.