வெர்லின் எழுதிக் கொடுத்த நாலு வரி

வெர்லின் எழுதிக் கொடுத்த நாலு வரியை வெட்டியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விட்டால் சுற்றி வளைத்துப் பேசி என்னை நல்லவளாக்கிக் கொள்கிற புத்தி எனக்கு உண்டு.

ஓஹாயோவில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் இருபத்தொன்பது வருடமாக நூலகர். பாதி ஊர் சின்ன வயதில் நூலகப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு என் முன்னால் நின்று முழித்த ஊர்தான். வருடா வருடம் மார்ச்சில் வாசிப்பு வாரம் நடத்துவேன். தீயணைப்பு வண்டிக்காரர் வருவார், மாட்டு டாக்டர் வருவார், ஆளுக்கு ஒரு கதை வாசிப்பார்கள். வருகிறவர்கள் தங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தருவது வழக்கம். அதை அச்சடித்து, வியாழக்கிழமைதோறும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகிற உறையில் வைத்து அனுப்புவோம். என் பிள்ளைக்கு வேண்டாம் என்கிறவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் போதும், அந்தப் பிள்ளை அந்த நேரம் ஓவிய அறையில் இருக்கும். இருபத்தொன்பது வருடத்தில் திரும்பி வந்த தாள்களை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

வெர்லின் ட்ராயருக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை. முப்பத்துநாலு வயது. எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எது பாலைத் தொடாது, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவன் மகள் ஜூனி எங்களிடமே இரண்டாம் வகுப்பு. மனைவி விட்டுப் போய் மூன்று வருடமாகிறது, அப்பாவும் மகளும்தான் ஒருவருக்கொருவர் துணை. சனிக்கிழமைகளில் பவுலிங் கூடத்தை ஒட்டிய பாரில் பெண் வேடம் கட்டிப் பாடுவான். மேடையில் அவன் பெயர் மிஸ் பட்டர்ஸ்காட்ச். ஊருக்கே தெரிந்த விஷயம். சனிக்கிழமை அங்கே கைதட்டியவர்களை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் பார்க்கலாம்.

அவனை வேடத்தோடு வந்து வாசிக்கச் சொன்னதும் நான்தான். பெரிய ஊர்களில் எல்லாம் செய்கிறார்கள், நமக்கு என்ன குறைச்சல் என்று எனக்குத் திடீரென்று வீரம் வந்துவிட்டது.

"லோயிஸ், விளையாடுறீங்களா? இந்த ஊர்ல பால் டப்பா நிறம் மாறினாலே கூட்டம் போட்டுக் கத்துவாங்க" என்றான் வெர்லின், தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

"பிள்ளைங்களுக்கு உன் குரல்னா உசுருடா. அந்த மூணாம் வகுப்பு வானரங்களை வேற யாராலயும் உக்கார வைக்க முடியாது."

"சரி. ஆனா பெத்தவங்களுக்கு முன்னாடியே தெளிவா சொல்லிடணும். பிடிக்காதவங்க பிள்ளையை அனுப்ப வேணாம், அது அவங்க இஷ்டம். அது இல்லாம நான் வரமாட்டேன்."

"அதை என்கிட்ட விடு."

பிரின்சிபல் லாமும் இதையே சொன்னார். பெற்றோருக்குச் சொல்லிவிட்டால் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

வெர்லின் மறுநாளே எழுதிக் கொடுத்தான். இப்போதும் எனக்கு வரி பிசகாமல் தெரியும்: "நான் வெர்லின், உங்கள் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுகிறவன். சனிக்கிழமைகளில் மிஸ் பட்டர்ஸ்காட்ச் என்ற பெயரில் பெண் வேடத்தில் பாடுவேன், அன்றைக்கு அந்த வேடத்தில்தான் வந்து ஒரு வாத்துக் கதை வாசிக்கப் போகிறேன். உங்களுக்குச் சரிப்படாவிட்டால் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், நான் துளியும் வருத்தப்பட மாட்டேன். மதியம் உங்கள் பிள்ளைக்கு எப்போதும்போல இரண்டாவது கரண்டி பாஸ்தா உண்டு."

புதன்கிழமை மாலை அந்தத் தாளை அச்சுக்குத் தயார்செய்ய உட்கார்ந்தபோது என் வீரம் எங்கே போனதென்று தெரியவில்லை. தாள் வீடுகளுக்குப் போனதும் அடிக்கப்போகிற தொலைபேசி மணிகள் இப்போதே காதில் கேட்க ஆரம்பித்தன. கோனி ஷ்ராக்கின் குரல் தனியாகக் கேட்டது. கோனி என் பழைய மாணவி, இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய், பெற்றோர் சங்கத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். நான் ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது. எப்படியும் யாரும் இந்தத் தாளைப் படிப்பதில்லை, ஊருக்கே தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும், பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். "வெர்லின் ட்ராயர், பள்ளிச் சமையலறை" என்பது மட்டும் மிஞ்சியது. மற்றவர்களுடைய நாலு வரிகளை அப்படியே விட்டேன். மாட்டு டாக்டருக்கு ஆறு வரி.

வாசிப்பு நாளன்று வெர்லின் மஞ்சள் கவுனும் ஒரு முழ உயரத்துக்குக் கொண்டையுமாக வந்தான். கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்ததற்கே பிள்ளைகள் கைதட்டின.

"உங்க மீசை எங்க போச்சு?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

"வீட்ல தூங்குது கண்ணு. அதுக்கு இன்னிக்கு லீவு."

குளத்துக்குப் பயந்த வாத்தின் கதையை ஏழு குரலில் வாசித்தான். மூன்றாம் வகுப்பு வானரங்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தன. ஜூனி முதல் வரிசையில், இது எங்க அப்பா என்று பக்கத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடத்தில் முடிந்தது. பன்னிரண்டு மணிக்கு அவன் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு பாஸ்தா பரிமாறினான்.

மூன்று மணிக்குள் யாரோ எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. மாலைக்குள் பக்கத்து ஊர்களுக்கும் போயிற்று. மறுநாள் காலை பிரின்சிபல் லாம் என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, அந்தத் தாளை என் முன்னால் தள்ளினார்.

"லோயிஸ், அவன் எழுதிக் குடுத்தது இவ்வளவுதானா?"

ஆமாம் என்று தலையசைத்தேன். வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதை வைத்து என்னை நானே தேற்றிக்கொண்டேன் என்றால் நான் எப்பேர்ப்பட்டவள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"பேரை மட்டும் குடுத்து நம்மளை ஏமாத்திட்டான்" என்றார் அவர்.

பள்ளியை நிர்வகிக்கிற கல்விக் குழுவின் கூட்டம் அடுத்த திங்கட்கிழமை. வழக்கமாக ஒன்பது பேர் வருகிற கூட்டத்துக்கு முந்நூறு பேர் வந்ததால் உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்காலி போட்டார்கள். பேச விரும்புகிறவர்கள் வாசலில் அட்டையில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிடம், சிவப்பு விளக்கு எரிந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். வெர்லின் பதினாறாவது ஆள், நான் பதினேழாவது. உண்மையைச் சொல்லத்தான் பெயர் கொடுத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும், நானே பாதிதான் நம்புகிறேன்.

கோனி எழுந்து, "திருட்டுத்தனமா என் பிள்ளை முன்னாடி வந்து நின்னிருக்கான்!" என்று கத்தியபோது கூடம் அதிர்ந்தது. ஓர் இளம் தாய், "என் பையன் புத்தகத்தைத் தொடவே மாட்டான். இப்ப அந்த வாத்துக் கதையை எங்க நாய்க்குச் சொல்லிட்டிருக்கான். இதுல என்னங்க தப்பு?" என்றாள். அவளுக்கும் கை தட்டினார்கள், அவளை நோக்கி ஊளையும் இட்டார்கள். வேடம் கட்டுகிறவனைப் பார்த்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்றார் ஒருவர். ஒளித்து வைத்தால்தான் கெட்டுப்போகும் என்றார் இன்னொருவர். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். டிராக்டர் பழுதுபார்க்கிற ஒரு தகப்பன் எழுந்து மெதுவாகப் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

"வெர்லின் சனிக்கிழமை என்ன உடுத்துறான்னு எனக்குக் கவலையில்லை. நானே போய்ப் பார்த்திருக்கேன், நல்லாப் பாடுவான். ஆனா என் பொண்ணு எதைப் பார்க்கணும்னு நான்தானே முடிவு பண்ணணும்? ஒரு வரி எழுதியிருந்தா போதும். நான் சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். ஒரே ஒரு வரி."

அடுத்து வெர்லினைக் கூப்பிட்டார்கள். சர்ச்சுக்குப் போடுகிற சட்டையில் வந்திருந்தான்.

"பிள்ளைங்க நல்லா சிரிச்சாங்க" என்றான். "பெத்தவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அது நியாயம். தெரியாமப் போனதுக்கு நான் வருத்தப்படுறேன்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் ஒலிபெருக்கி முன்னால் நின்று, நூலகம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது, வாசிப்புதான் அறிவுக்குத் திறவுகோல், எல்லாரும் அமைதியாக யோசிக்க வேண்டும் என்று மூன்று நிமிடமும் பேசினேன். சிவப்பு விளக்கு எரிந்தபோது எனக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டு பக்கத்தாரும் எனக்குக் கைதட்டினார்கள். வெர்லின் தட்டவில்லை, மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரமே அவனை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள். கொடுத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை டூனா மீனும் நூடுல்ஸும் கலந்து ஓவனில் வேகவைத்து, கேசரோல் என்கிற பதார்த்தத்தைச் செய்து எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குக் கொண்டுபோவதும் அதுதான், பிரசவ வீட்டுக்கும் அதுதான். நாமே செய்த பாவத்துக்கு எதைக் கொண்டுபோவது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. ஜூனி கொல்லைப்புறத்தில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தாள். சமையலறை மேசையில் உட்கார்ந்ததும் நிறுத்தாமல் சொல்லிவிட்டேன்.

"வெர்லின், உன் நாலு வரியை நான்தான் எடுத்துட்டேன். பயந்துட்டேன்டா. அப்புறம் லாம் கேட்டப்பவும் சொல்லலை. கூட்டத்துலயும் சொல்லலை."

அவன் எனக்குக் காபி ஊற்றினான்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஜூனியும் அதே பள்ளிக்கூடம்தானே, லோயிஸ். வியாழக்கிழமை உறை எங்க வீட்டுக்கும் வருது. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போதே பார்த்துட்டேன்."

"தெரிஞ்சும் ஏன்டா வந்தே?"

"ஜூனி வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டா. அப்புறம், நீங்க இருபத்தொன்பது வருஷமா இந்த ஊர் ஆளுங்களைப் பார்க்கிறவங்க. ஏதோ காரணமாத்தான் எடுத்திருப்பீங்க, ஏதாவது வந்தா நீங்க பார்த்துக்குவீங்கன்னு நினைச்சேன். கூட்டத்துல எனக்கு அடுத்த நம்பர் உங்களுதுன்னு பார்த்தேன். அதான் நான் சீக்கிரம் பேசி உக்காந்துட்டேன்."

நான் அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை, அது சரிதான்.

"அடுத்த கூட்டத்துல எழுந்து சொல்லிடறேன். சத்தியமா."

"சொல்லுங்க, வேணாங்கல. எனக்குப் பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரில சமையல் வேலை கிடைச்சிருச்சு. ஜூனியையும் அங்க ஒரு பள்ளிக்கூடத்துக்கே மாத்தறேன். இனி நீங்க சொன்னா உங்களுக்குத்தான் லேசாகும், லோயிஸ்."

ஏப்ரல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். பேச வேண்டிய விஷயம் உடற்பயிற்சிக் கூடத்துக் கூரை ஒழுகுவது. என் அட்டையைக் கொடுத்து, எழுந்து நின்று, வெர்லின் எழுதிய நாலு வரியையும் வாசித்தேன், பாஸ்தா உட்பட. இதை வெட்டியது நான், கேட்டபோது மறைத்தது நான், அவன் யாரையும் ஏமாற்றவில்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை நிமிடம் ஆயிற்று. லாம் தன் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர், "நன்றி, மிஸஸ் ப்ரூபேக்கர். அடுத்து கூரை" என்றார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. எதற்குப் பயந்து அவனைப் பலி கொடுத்தேனோ அது அங்கே இல்லவே இல்லை.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் கோனி ஷ்ராக் என் பின்னால் ஓடி வந்தாள். அடி வாங்கத் தயாராகத் திரும்பினேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

"மிஸஸ் ப்ரூபேக்கர், உங்க மனசு யாருக்கு வரும்! வேலை போனவன்னு பரிதாபப்பட்டு, அவன் பழியை உங்க தலைல போட்டுக்கிறீங்களே."

"இல்ல கோனி. நிஜமாவே நான்தான் பண்ணேன்."

"போங்க டீச்சர். ரெண்டாங்கிளாஸ்ல இருந்து உங்களைத் தெரியும் எனக்கு. நீங்க அப்படிச் செய்யற ஆளே இல்ல." என்னை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "நாங்க யாரும் நம்ப மாட்டோம், கவலைப்படாதீங்க."

அவள் தோளுக்கு மேலே பார்த்தேன், மற்றவர்களும் என்னைப் பார்த்துப் பரிவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவளை உலுக்கி, கத்தி, நம்ப வைத்திருக்க வேண்டும். அங்கே எனக்கு மூன்று நிமிடக் கணக்கு இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன்.