முந்நூறு மூச்சு

மான்சிக்கின் கைக்கடிகாரத்தை நம்புவதில்லை என்று தால்சு முடிவு செய்து மூன்று வருஷம் ஆகிறது.

மான்சிக் அவருடைய பெண்டாட்டியின் தம்பி. படகும் கம்ப்ரசரும் கயிறும் அவன் பொறுப்பு. தால்சு பித்தளைத் தலைக்கூட்டை மாட்டி, ஈயச் செருப்போடு முப்பது மீட்டர் ஆழத்தில் நடந்து பேய்க்கணவாயும் கடல் அட்டையும் பிடிக்கிறவர். வயது அறுபத்திரண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரியில் மான்சிக் சோஜு சாராய மயக்கத்தில் தூங்கிப்போய், அவரை ஐஸ் தண்ணீரில் இருபது நிமிஷம் கூடுதலாகத் தொங்கவிட்டுவிட்டான். அன்றிலிருந்து மூச்சை எண்ண ஆரம்பித்தார். ஏறும்போது கயிற்றில் சிவப்புத் துணி கட்டிய முடிச்சில் நூறு மூச்சு, வெள்ளைத் துணி முடிச்சில் முந்நூறு. எண்ணி முடித்தால் மேலே. கடிகாரம் எதையாவது சொல்லிக்கொள்ளட்டும்.

அப்படி நிற்காமல் ஏறக்கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று ரத்தத்தில் கரைந்து கிடக்கும். அதற்கு வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளேயே நுரைத்துவிடும். அவர்கள் ஊரான தேஜின் துறைமுகத்தில் இதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஐஸ் கிடங்கு வாசலில் சக்கர நாற்காலியில் சன்வூ உட்கார்ந்திருக்கிறான். நன்றாக முக்குளிப்பவன். ஒரே ஒரு நாள் அவசரப்பட்டான். இப்போது இடுப்புக்குக் கீழே எறும்பு கடித்தாலும் தெரியாது. தால்சு தினமும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் படகுக்குப் போவார்.

அன்று காலை கரையிலேயே மான்சிக் சொன்னான்.

"அத்தான், கம்ப்ரசர் பெல்ட்ல வெடிப்பு விட்டிருக்கு. மாத்திட்டுக் கிளம்பலாம். அரை மணி நேரம்தான்."

"நேத்து குடிச்சது இன்னும் இறங்கலை. அதுக்குப் பெல்ட்டு மேல பழியைப் போடுறே."

"வேணும்னா வாயை மோந்து பாருங்க."

தால்சு மோந்தும் பார்த்தார். பூண்டு வாசனைதான் வந்தது. அப்படியும் நம்பவில்லை. கடல் எண்ணெய் மாதிரி அமைதியாகக் கிடந்தது. இப்படி ஒரு நாள் கிடைப்பது அபூர்வம் என்று சொல்லிப் படகை எடுக்கச் சொன்னார்.

கீழே வேட்டை நன்றாகவே இருந்தது. ஐம்பது நிமிஷத்தில் இரண்டு வலைப்பை நிறைந்து மேலே போயிற்று. பிறகு அவர் ஏறினார். சிவப்பு முடிச்சில் நூறு எண்ணினார். வெள்ளை முடிச்சுக்கு வந்தபோது தலைக்கூட்டுக்குள் ஏதோ கருகும் நாற்றம். ரப்பர். காற்று வரும் சீறல் மெலிந்து, விட்டுவிட்டு வந்தது. நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்தன. கண்ணாடியில் ஆவி படிந்து கடலே வெள்ளையாகிவிட்டது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். நூற்றிருபது, நூற்றிருபத்தொன்று. எண்ணிக்கை அன்று வேகமாக ஓடியது. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்து நாய் மாதிரி இளைக்கிறோம், அதனால்தான் ஓடுகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை.

முந்நூறு ஆனதும் கயிற்றை மூன்று முறை இழுத்தார். தூக்கு என்று அர்த்தம்.

மேலேயிருந்து ஒரே ஒரு இழுப்பு வந்தது. இரு என்று அர்த்தம்.

மறுபடியும் மூன்று இழுத்தார். மறுபடியும் ஒன்றுதான் வந்தது. காலையில் பேசியதற்குப் பழிவாங்குகிறான் என்று நினைத்தார். தலைக்கூட்டில் காற்று வெளியேறும் திருகை மூடி, உள்ளே காற்றை அடைத்தார். உடுப்பு ஊதிப் பெருத்தது. அவர் தானாகவே மேலே போனார்.

தளத்தில் ஏற்றித் தலைக்கூட்டைத் திருகிக் கழற்றியபோது மான்சிக்கின் முகம் சாம்பலாக இருந்தது. தேய்ந்த பெல்ட் வழுக்க வழுக்க, ஒரு காலால் கட்டையை மிதித்து அதை இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் கயிற்றைப் பிடித்து நின்றிருக்கிறான். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"பதினோரு நிமிஷம்தான் நின்னீங்க அத்தான். இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கணும்."

"முந்நூறு எண்ணினேன்."

"உங்க முந்நூறைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க."

தால்சு பலகையில் சாய்ந்து சிகரெட் கேட்டு வாங்கினார். இடது தோளில், தோலுக்கு அடியில் என்னவோ ஊர்ந்தது. பிறகு முழங்கையில் பல்வலி மாதிரி ஒரு வலி. கால் கனத்தது.

"இடது செருப்பைக் கழட்டுடா. கனமா இருக்கு."

மான்சிக் அவர் காலைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"கழட்டி அஞ்சு நிமிஷம் ஆச்சு அத்தான்."

சிகரெட் தால்சுவின் விரலைச் சுட்டது. ஐஸ் கிடங்கு வாசல் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த வாசலில் இன்னொரு நாற்காலிக்கு இடம் இருந்தது.

என்னைத் திரும்ப இறக்கு என்றார். இந்தப் பக்கத்து முக்குளிப்பவர்கள் எப்போதும் செய்வது அதுதான். நுரைத்ததை ஆழம் திரும்ப நசுக்கும். பிறகு ஆமை மாதிரி ஏற வேண்டும். காற்றழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்குத் துறைமுகத்திலிருந்தே ஒன்றரை மணி நேரம். துறைமுகமோ படகு நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம். மான்சிக் ரேடியோவில் கரையைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸை நிறுத்தி வைக்கச் சொன்னான். ஆனால் அவரை இறக்கவில்லை. முதலில் பெல்ட் என்றான்.

தால்சு கெட்ட வார்த்தையில் திட்டினார். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பேனரைத் திருகினான். எட்டு நிமிஷம் ஆயிற்று. தால்சு கத்திப்பிடியால் காலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கணுக்கால் வரைக்கும் தெரியவில்லை. பிறகு ஆடுசதை. எட்டாவது நிமிஷம் முழங்கால்.

செருப்பைத் திரும்பக் கட்டிவிட்டு, தலைக்கூட்டை மாட்டும் முன் மான்சிக் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தான்.

"இந்தத் தடவை எண்ணாதீங்க. எண்ணினா நீங்க வந்துடுவீங்க."

"தூங்கிடாதே மச்சான்."

அவர் அவனிடம் கெஞ்சும் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை.

தண்ணீர் மூடியது. புதுப் பெல்ட்டின் காற்று நாற்றமில்லாமல் சீறி வந்தது. சிவப்பு முடிச்சையும் தாண்டி இறங்கியபோது தோள் வலி விட்டது. தொங்கினார். பழக்கதோஷத்தில் ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது. ஏழில் நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொண்டார். எண்ணாமல் இருக்கும்போது நேரம் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை.

வலது காலை ஆட்டினார். ஆடியது. இடது காலை ஆட்டினார். கீழே குனிந்து பார்த்தார். ஈயச் செருப்பு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதை ஆட்டியது தானா, கடலா என்று தெரியவில்லை.

கயிறு ஒரு முறை இழுத்தது.

தால்சு இருந்தார்.