வியாழக்கிழமைக்காரரின் வெள்ளிக்கிழமை

இத்தாலியின் பலேர்மோவில் தமிழர் வெள்ளிக்கிழமையில் கல்யாணம் கட்டியதாக ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. புதன்கிழமை பிறந்த பிள்ளைக்கும் அங்கே வியாழக்கிழமைதான் பிறந்தநாள். சாமத்தியவீடு, புதுநன்மை, செத்த வீட்டு ஆண்டுப் பூசை எல்லாமே வியாழன் பின்னேரம், தப்பினால் ஞாயிறு. இதில் சாத்திரமும் இல்லை, சம்பிரதாயமும் இல்லை. வீட்டுவேலை செய்கிற சனத்துக்கு சிஞ்ஞோராமார், அதுதான் அந்த வீட்டம்மாமார், லீவு விடுகிற நாட்கள் அவை இரண்டும்தான். அவ்வளவுதான் விஷயம்.

அதனால்தான் றொஜர் அந்தப் பெரிய பிழையை விட்டார்.

றொஜரிடம் ஒரு இசைக்குழு இருந்தது. அவர் கீபோட், கொன்ஸ்ரன்ரைன் கித்தார், மொனிகா பாட்டு, செலஸ்ரீனா ட்ரம்ஸ். நான்கு பேரும் பகலில் யாரோ ஒருவருடைய வீட்டுத் தரையைத் துடைப்பார்கள். வியாழன் வந்தால் பங்கு மண்டபத்தில் சனத்தை எழுப்பி ஆட வைப்பார்கள். ட்ரம்ஸ் அடிக்கிறது ஒரு பெண் என்றதும் முதலில் எல்லோருக்கும் சிரிப்பு. "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த அடி என்னத்துக்கு?" என்று முகத்தைச் சுளித்த அற்புதமலர் மாமிதான் இரண்டாவது பாட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஆடியவர். செலஸ்ரீனாவின் கை அப்பேர்ப்பட்ட கை.

ஆனால் அந்தக் கை மண்டபத்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அது பிடித்துக் கூட்டுகிற தும்புக்கட்டைதான். அந்த நேரத்தில்தான் கபோ சந்தையில் மீன் விற்கிற தொத்தோ வந்து கேட்டான். சந்தைத் தெருவின் மாதா திருவிழாவுக்கு அவனும் ஒரு பொறுப்பாளன். கடைசி நாள் பின்னேரம், தெரு நடுவில் மேடை போட்டு, ஊர்ச் சனத்துக்கு முன்னால் வாசிக்க வேண்டும். இதுவரை எந்தத் தமிழ்க் குழுவும் அந்த மேடையில் ஏறியதில்லை. றொஜர் அந்த இடத்திலேயே ஓம் என்றார். கடைசி நாள் என்ன கிழமை என்று மட்டும் கேட்கவில்லை. கேட்பானேன்? கச்சேரி என்றால் வியாழக்கிழமைதானே!

திருவிழா வாரத்துச் செவ்வாய்க்கிழமை மீன் வாங்கப் போனவர் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, மீனையும் மறந்து, தெருமுனைத் தொலைபேசிக்கு ஓடினார்.

"செலஸ்ரீனா, ஒரு பிழை நடந்து போச்சு. வியாழன் இல்லையாம், வெள்ளியாம்."

"வெள்ளியோ? என்ன அண்ணை கதைக்கிறியள்! வெள்ளிக்கிழமை எங்களை ஆர் விடுவினம்?"

"மொனிகாவின்ரை சிஞ்ஞோரா விட்டிட்டா. கொன்ஸ்ரன்ரைன் வேலையை வெள்ளெண முடிச்சிட்டு வாறானாம். நீரும் கேட்டுப் பாரும். சரிவராட்டில் யோசியாதையும். கீபோட்டிலை றிதம் கிடக்குத்தானே. அதைப் போட்டுச் சமாளிப்பன்."

சமாளிப்பாராம்! செலஸ்ரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டனை அமத்தினால் தன்பாட்டில் டொக்கு டொக்கென்று அடிக்கிற பெட்டி. அதுதான் அவளுடைய இடத்துக்கு வரப்போகிறதாம். ஊர் முழுக்கப் பார்க்கப்போகிற ஒரே நாளில், அவள் லிபெர்த்தா வீதியில் ஒரு நாலாம் மாடியில் இருந்து சூப்புக்கு மரக்கறி வெட்ட வேண்டுமாம். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, "கேட்டுப் பாக்கிறன்" என்று வைத்தாள்.

அவள் பார்த்துக்கொண்டது சிஞ்ஞோரா இனெஸ் என்ற சக்கர நாற்காலிக் கிழவியை. வேலைக்கு வைத்திருந்தது கிழவியின் மகள் டொனாத்தெல்லா. வியாழனும் ஞாயிறும் மகள் வந்து தாயோடு இருப்பாள். மற்ற நாட்களில் கிழவியைத் தனியே விட்டு அசையக் கூடாது. அந்த வீட்டில் "செலஸ்ரீனா!" என்ற குரல் கேட்டால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு, "எக்கோமி, சிஞ்ஞோரா", இதோ வந்துவிட்டேன் என்று போய் நிற்க வேண்டும். ஒருமுறை கையிலிருந்தது கண்ணாடிக் கோப்பை. போட்டுவிட்டுத்தான் ஓடினாள்.

மகளிடம் கேட்டாள். டொனாத்தெல்லா கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வியாழன் உன்னுடையது, செலஸ்ரீனா. வெள்ளி என்னுடையது." வெள்ளிக்கிழமைகளில் அவள் புருஷனோடு கடற்கரைக்குச் சாப்பிடப் போவாள்.

"பல்லுக்குத்து எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன் அக்கா," என்றாள் மொனிகா.

"பொய் சொல்லிப்போட்டுத்தான் அடிக்கவேணுமெண்டால் எனக்கு அந்த அடி வேண்டாம். நான் என்ன களவெடுக்கவே போறன்?"

வீறாப்பாய்ச் சொல்லிவிட்டாளே தவிர, இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. வேலையை உதறிவிட்டுப் போகவும் முடியாது. வேலை போனால் பெர்மெஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்க முடியாது. பெர்மெஸோ இல்லாவிட்டால் ஊரில் இருக்கவே முடியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிஞ்ஞோரா இனெஸ் கேட்டாள்: "ஏன் இன்றைக்கும் மெத்தையில் சத்தமில்லை?"

செலஸ்ரீனா திடுக்கிட்டாள். சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மரக்கரண்டியை எடுத்து சோபா மெத்தையில் அடித்துப் பழகுவது அவள் வழக்கம். கிழவி அந்த நேரம் உறங்குவதாக இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன உறக்கம்! நானும் கூடவே விரலால் தட்டிக்கொண்டு கிடப்பேன். சொல், என்ன நடந்தது?"

சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகையும் வந்தது, அழுகையைவிடக் கூடுதலாக ஆத்திரம் வந்தது. கிழவி முழுவதையும் கேட்டாள்.

"பின்னேரத்தில் நாம் தினமும் எங்கே போகிறோம்?"

"பூங்காவுக்கு, சிஞ்ஞோரா."

"என்னை வெளியே கூட்டிப்போவது உன் வேலை. பூங்காவுக்குத்தான் என்று யார் சொன்னது? எனக்கு அந்தப் பூங்கா அலுத்துப் போய்விட்டது. என் நீலச் சால்வையை எடு."

லிபெர்த்தாவின் அகன்ற நடைபாதையில் நாற்காலி ஜோராகத்தான் போயிற்று. கபோவுக்குள் நுழைந்ததும் வந்தது வினை. சந்தைத் தெருக் கல்லில் சக்கரம் குதித்தது, மீன் கழுவிய தண்ணீரில் வழுக்கியது, ஒரு கத்தரிக்காய்ப் பெட்டியில் இடித்தே நின்றுவிட்டது. நேரம் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் மொனிகாவின் குரல் கேட்கத் தொடங்கியபோது செலஸ்ரீனா நாற்காலியை இன்னும் வேகமாகத் தள்ளினாள். அந்தக் குரலுக்குப் பின்னால் டொக்கு டொக்கு. பெட்டியேதான்!

தெருவில் நல்ல சனம். சனம் என்ன செய்தது? கடலைமாப் பொரியலைக் கடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்ற தொத்தோவின் முகத்தில் ஈயாடவில்லை. மேடையில் றொஜருக்கு வேர்த்துக் கொட்டியது. அவர் பெட்டியில் போட்டிருந்தது நம்முடைய பைலா அடிதான், ஆனால் உப்பில்லாத கஞ்சி. முன்னால் நிற்கிற சனம் பெட்டிக்கு எங்கே தெரியப்போகிறது?

கொன்ஸ்ரன்ரைன்தான் முதலில் கண்டான். கித்தாரைத் தோளில் தள்ளிவிட்டு கீழே குதித்து, தொத்தோவையும் இழுத்துக்கொண்டு வந்து, கிழவியை நாற்காலியோடு தூக்கி ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். சிஞ்ஞோரா இனெஸ் தன் கையாலேயே பிரேக்கைப் போட்டாள். செலஸ்ரீனா குச்சிகளை எடுத்தாள்.

"அண்ணை, அந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ."

றொஜர் நிப்பாட்டினார்.

முதல் அடியிலேயே தெரு திரும்பிப் பார்த்தது. அடுத்த பாட்டுக்கு அவள் பைலாவை மெதுவாக எடுத்தாள். முன்வரிசையில் ஒரு பருத்த மீன்காரிக்கு அது தங்களுடைய தரந்தெல்லா ஆட்டம்போலக் கேட்டிருக்க வேண்டும். ஏப்ரனோடு இறங்கிச் சுற்றினாள். அவள் கால் கொஞ்சம் வேகமாக விழுந்தது. செலஸ்ரீனா அந்தக் காலைப் பார்த்து அடித்தாள். கால் இன்னும் வேகம் எடுத்தது, அவளும் எடுத்தாள். இன்னும் நாலு பெண்கள் இறங்கினார்கள், பிறகு இறைச்சிக்கடைக்காரன், பிறகு பின்னால் ஒதுங்கி நின்ற நம்முடைய மன்னார்ச் சனம். அற்புதமலர் மாமி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினார். கபோவும் மன்னாரும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஆடியதை அன்று கண்டவர்களுக்கு இன்றைக்கும் சொல்லி மாளாது.

"யார் அந்தப் பெண்?" என்று சனம் கேட்டது. "எங்கடை செலஸ்ரீனா!" என்று மாமி ஆடியபடியே தமிழில் கத்தினார். அது எல்லோருக்கும் விளங்கியது.

மூன்றாவது பாட்டின் நடுவில் டொனாத்தெல்லா வந்தாள். கடற்கரைக்குப் போகிற வழியில் தாய்க்கு மருந்து கொடுக்க ஏறியிருக்கிறாள், வீட்டில் யாருமில்லை, இருவரும் கபோப் பக்கம் போனதைக் கீழே வாயில் காப்பவன் சொல்லியிருக்கிறான். உயர்ந்த குதிச் செருப்போடு சந்தைக் கல்லில் தத்தித் தத்தி, சனத்தை விலக்கி, மேடைக்கே ஏறிவிட்டாள்.

"செலஸ்ரீனா!"

அந்தக் குரல். மொனிகா பாடியபடியே கண்ணை மூடிக்கொண்டாள். றொஜரின் விரல் ஒரு கட்டை தவறியது. செலஸ்ரீனாவின் கைகளுக்கும் அந்தக் குரல் நன்றாகத் தெரியும். ஒரு கணம் குச்சி இரண்டும் வழுகப் பார்த்தன. அவள் இறுக்கிப் பிடித்தாள். வேலை கண்ணுக்குள் வந்தது, பெர்மெஸோ வந்தது, கூடவே முன்னால் ஆடுகிற அத்தனை கால்களும் வந்தன. இந்தக் கால்கள் இப்போது அவள் கையில்தானே நிற்கின்றன!

தலையை நிமிர்த்தி, தாளம் ஒரு இம்மியும் பிசகாமல், டொனாத்தெல்லாவுக்குக் கேட்கும்படி இத்தாலியனில் சொன்னாள்:

"வேலையாக இருக்கிறேன், சிஞ்ஞோரா. பாட்டு முடியட்டும்."

டொனாத்தெல்லா வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குப் பேச்சு வருவதற்குள் பக்கத்துச் சக்கர நாற்காலியிலிருந்து தாயின் குரல் வந்தது. "இரு பிள்ளை, மறைக்கிறாய். எனக்கு அவளுடைய கை தெரியவில்லை."

மேடையில் வேறு கதிரை இல்லை. ட்ரம்ஸ் கொண்டுவந்த பெட்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. டொனாத்தெல்லா பாவாடையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

பாட்டு முடிகிற இடம் வந்தது. முடிப்போமா என்று றொஜர் கண்ணால் கேட்டார். செலஸ்ரீனா, உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்த டொனாத்தெல்லாவை ஒருமுறை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு இன்னொரு சுற்று எடுத்தாள்.